கடைசி வரை வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றால் இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்?

மாடிப்படி61:

எனக்கு 61 வயது, வீட்டுக்காரருக்கு 66. ஒரே மகள், விமானம் ஏறினால்தான் வர முடியும் என்கிற தூரத்தில் இருக்கிறாள். இப்போதைக்கு இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அவருக்குச் சர்க்கரை, எனக்கு முழங்கால் வலி, அவ்வளவுதான்.

போன வருடம் என் மாமியார் தவறிப்போனார். கடைசி நான்கு வருடமும் எங்களோடுதான், அதில் இரண்டரை வருடம் படுக்கையில். பெரும்பாலும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நான்கு வருடமும் எங்கள் வீட்டில் நிதானமாக யோசித்து எடுத்த முடிவு என்று ஒன்றுகூடக் கிடையாது. விழுந்த பிறகு கைப்பிடி, புண் வந்த பிறகு காற்று மெத்தை, என் இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு உதவிக்கு ஆள். ஒவ்வொன்றும் ஒரு படி பின்னால்தான். மாமியாருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க நினைத்தபோது அவரால் பேச முடியவில்லை.

எங்கள் முறை வரும்போது அப்படி ஆகக் கூடாது என்று நினைக்கிறேன். இருவருக்குமே கடைசி வரை சொந்த வீட்டில் இருக்கத்தான் ஆசை. இதை வீட்டில் பேச எடுத்தால் அவர் "அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம், நல்ல வாயால் நல்லதைப் பேசு" என்று எழுந்து போய்விடுகிறார். மகளிடம் சொன்னால் அழுகிறாள். அதனால் இங்கே கேட்கிறேன். எந்த வயதில் தொடங்க வேண்டும், முதலில் வீடா, பணமா, ஆளா? பத்திரம் கித்திரம் ஏதாவது எழுதி வைக்க வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். பயமுறுத்தினாலும் பரவாயில்லை.

---

ராத்திரி_டியூட்டி:

அக்கா, நான் 14 வருடமாக வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன், அதில் பாதிக்கு மேல் இரவு வேலை. உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது, வயது 61 என்பது. பெரும்பாலும் 82 வயதில், அதுவும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்று மாலைதான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

வயதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், எந்த வேலை கை நழுவுகிறது என்று பாருங்கள். 1963-ல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஆறு வேலைகளை வரிசைப்படுத்தினார். குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. பெரும்பாலும் முதலில் போவது குளியல், கடைசியாகப் போவது சாப்பாடு. குழந்தை கற்றுக்கொண்ட வரிசை அப்படியே திரும்பிப் போகிறது. நான் பார்த்த வீடுகளிலும் முக்கால்வாசி இப்படித்தான். அதனால் குளியலறையிலிருந்து தொடங்குங்கள், மற்ற அறைகளை அப்புறம் பார்க்கலாம்.

ஆனால் அந்த ஆறுக்கும் முன்னாலேயே வேறு சில வேலைகள் சத்தமில்லாமல் நழுவும். மாத்திரையை நேரத்துக்கு எடுப்பது, பில் கட்டுவது, கடைக்குத் தனியாகப் போய் வருவது, போனில் ஒரு விஷயத்தை விசாரிப்பது. இதையெல்லாம் குடும்பம் "வயசாச்சு, மறதி" என்று விட்டுவிடும். கரண்ட் பில் இரண்டு தடவை கட்டப்பட்டிருந்தாலோ, மாத்திரைப் பெட்டியில் செவ்வாய்க்கிழமை அப்படியே இருந்தாலோ, அதுதான் முதல் மணி.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். நாற்காலியில் உட்காருங்கள். எழுந்து, மூன்று மீட்டர் எப்போதும் நடப்பது போல நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். வருடம் ஒருமுறை பிறந்தநாள் அன்று இருவரும் செய்து, நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் வீட்டுக்காரர் போல "அப்போது பார்க்கலாம்" என்பவர்களுக்குப் பேச்சைவிட அந்த எண் நன்றாக உறைக்கும்.

அப்புறம் ஒன்று, படுக்கை. காய்ச்சல் வந்தால், சின்ன ஆபரேஷன் நடந்தால், "ரெஸ்ட் எடுங்கள்" என்று பத்து நாள் படுக்க வைத்துவிடுகிறார்கள் அல்லவா? ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-ல் வந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. நோய் ஆறிவிடும், கால் அவ்வளவு சுலபமாகத் திரும்ப வராது. வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் உங்கள் முதல் முதலீடு தொடைதான் அக்கா. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத் தினமும் செய்யுங்கள். முழங்கால் வலி இருப்பதால் உயரமான நாற்காலியில் தொடங்குங்கள், பிசியோதெரபி செய்பவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுச் செய்வது நல்லது. கழிவறையில் தானாக எழுந்திருக்க முடிகிறவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர உதவி போதும். முடியாதவருக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஆள் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தத் தொடைச் சதைதான்.

---

இரண்டாவது_மகன்:

மேலே சொன்னதெல்லாம் உண்மை. நான் அப்பாவை ஐந்து வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தவன், எங்கே சறுக்கினோம் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் குளியலறைக் கதவு. உள்பக்கம் திறக்கும் கதவு. அப்பா உள்ளே விழுந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தது போலக் கிடந்தார், தள்ளினால் அவர் மேலேயே இடிக்கிறது. கதவை உடைத்து எடுக்க நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அவர் உள்ளிருந்து என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா, வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த வாரமே ஒரு தச்சரைக் கூப்பிட்டு அந்தக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள், இல்லாவிட்டால் தள்ளுகதவாக. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கிற வகையாக இருக்கட்டும்.

கைப்பிடி வைக்கும்போது உறிஞ்சி ஒட்டும் ரப்பர் வகையை நம்பாதீர்கள், சுவரில் துளை போட்டுத் திருகியதுதான் ஓர் ஆளின் எடையைத் தாங்கும். துண்டு தொங்கவிடும் கம்பியைப் பிடித்துப் பலர் விழுகிறார்கள் என்று எங்கள் பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அப்பாவும் அதைத்தான் பிடித்தார், கம்பி கையோடு வந்துவிட்டது. இரவில் படுக்கையிலிருந்து கழிவறை வரை தரையோடு ஒட்டிய விளக்கு வையுங்கள். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்குதான், நமக்கு "பளிச்" என்று தெரிவது அவர்களுக்கு அரையிருட்டு.

சக்கர நாற்காலி வந்தபோது வீட்டின் எந்தக் கதவிலும் நுழையவில்லை. திறந்த கதவில் 80 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், எங்கள் வீட்டில் 68 இருந்தது. வாசலில் இரண்டே படிதானே, பலகை போட்டுச் சரிவு செய்துவிடலாம் என்று நினைத்தோம். சரிவுக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு. படி இரண்டும் சேர்ந்து ஓர் அடி உயரம் என்றால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், எங்கள் வாசலில் அவ்வளவு இடம் இல்லை. இதெல்லாம் முன்பே ஓர் அளவு நாடா எடுத்து அளந்திருந்தால் தெரிந்திருக்கும். உங்கள் பெயரில் மாடிப்படி இருக்கிறது, படுக்கையறை மாடியில்தானா? ஆம் என்றால் கீழே ஓர் அறையை இப்போதே முடிவு செய்யுங்கள். வேறு வேலைக்குப் பயன்படுத்துங்கள், பரவாயில்லை, ஆனால் கட்டில் போட முடிகிற அறை, பக்கத்திலேயே கழிவறை.

இன்னொன்று, ஆள் வைப்பது. அப்பா வெளியாளை விடவே மாட்டேன் என்றார். முதல் பெண்மணியை இரண்டு நாளில் விரட்டினார், இரண்டாவது ஆளை ஒரு வாரத்தில். மூன்றாவதாக வந்த தம்பி கெட்டிக்காரன். முதல் பத்து நாள் அப்பாவைத் தொடவே இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவான், பேப்பர் படிப்பான், அப்பாவிடம் பழைய கதை கேட்பான். பதினோராவது நாள் அப்பாவே "முதுகு தேய்த்து விடுகிறாயா" என்றார். இதிலிருந்து எனக்குப் புரிந்தது, உதவியைத் தேவைப்படும் நாளில் தொடங்கினால் அது தோல்வி மாதிரி வந்து உட்காருகிறது. தேவையில்லாத நாளிலேயே வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அலமாரி துடைக்கவோ கனமான சாமான் தூக்கவோ ஒருவரை வீட்டுக்குள் பழக்கிவிட வேண்டும். 70 வயதில் அதைச் செய்யலாம். வீட்டுக்கு ஆள் பழகுகிறதோ இல்லையோ, ஆளுக்கு நாம் பழகிவிடுவோம்.

ஒரு சின்ன விஷயம். வந்தவர்கள் எல்லோரும் அப்பாவை "தாத்தா" என்றார்கள். பாசமாகத்தான். அவர் நாற்பது வருடம் வாத்தியாராக இருந்தவர், "சார்" என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அது எங்களுக்குத் தெரியவே இரண்டு வருடம் ஆனது.

---

கணக்கு_நோட்டு:

எல்லோரும் மனசைப் பேசுகிறீர்கள், நான் கணக்கைப் பேசுகிறேன்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். "முழுநேர ஆள்" என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம், ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால் மூன்றரை பேர் தேவை. 40 மணி நேரம் என்றால் நான்கு பேருக்கும் மேல். விடுமுறை, காய்ச்சல், அவர்கள் வீட்டு விசேஷம் எல்லாம் இதில் இன்னும் சேர்க்கவில்லை. வீட்டோடு தங்கும் ஒருவர் போதும் என்பார்கள். இரவில் மூன்று முறை எழுப்பப்படும் ஆள் பகலில் எப்படி விழிப்பாக இருப்பார்? நீங்களே நான்கு வருடம் செய்தவர், உங்களுக்குத் தெரியாததா.

அதனால் பணத்தை மூன்று கட்டமாகப் பிரித்துப் பாருங்கள். வாரத்துக்கு நான்கைந்து மணி நேர உதவி, அது முதல் கட்டம், பல வருடம் ஓடலாம். தினமும் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், இது இரண்டாவது. மூன்றாவது, இரவும் பகலும். அன்றைய கூலியை ஒவ்வொன்றோடும் பெருக்கிப் பாருங்கள், மூன்றாவதைப் பார்த்ததும் தலை சுற்றும். சுற்றட்டும். அந்தக் கட்டத்தை எத்தனை மாதம் உங்களால் தாங்க முடியும் என்று இப்போதே தெரிந்துகொள்வதுதான் வேண்டியது. பல குடும்பங்கள் முதல் கட்டத்துக்கே மிச்சம் பிடித்து, மூன்றாவது கட்டத்தில் வீட்டை விற்கின்றன.

விலை ஏறுவதை மறந்துவிடாதீர்கள். 72-ஐ வருட ஏற்றத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் வரும். கூலி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இரட்டிப்பு. உங்களுக்கு 85 ஆகும்போது, அதாவது 24 வருடத்தில், இன்றைய கூலியைப் போல நான்கு மடங்கு. இது மனிதர் கையால் செய்யும் வேலை, இயந்திரம் வந்து மலிவாக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

பத்திரம் பற்றிக் கேட்டீர்கள். பல நாடுகளில் சாதாரண பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்தால் செல்லாமல் போய்விடும். சரியாக எந்த நாளில் தேவையோ அந்த நாளில் காலை வாரும். திறன் போன பிறகும் தொடரும் வகை சில இடங்களில் உண்டு, சில இடங்களில் நீதிமன்றம் மூலமாகக் காப்பாளர் நியமனம்தான் வழி. உங்கள் இடத்துச் சட்டம் எது என்று ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். மருத்துவ முடிவுகளை யார் எடுப்பது என்பது வேறு காகிதம், சொத்து வேறு காகிதம், இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். இருவரும் ஒருவருக்கொருவர் மட்டும் எழுதி வைத்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் முடியாமல் போனால் என்ன ஆகும்? மாற்று ஆள் ஒருவர் பெயர் அவசியம், முடிந்தால் பத்து வயதாவது இளையவர்.

ஆளை நேரடியாக வைப்பதா, ஏஜென்சி மூலமா என்பது அடுத்து வரும் கேள்வி. ஏஜென்சியில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார், ஆனால் வாரத்துக்கு ஒரு முகம். நேரடியாக வைத்தால் ஒரே முகம், ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று நீங்கள் நடுத்தெருவில். பணம் எடுக்கும் கார்டின் ரகசிய எண்ணை மட்டும் யாரிடமும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கொடுக்காதீர்கள். நல்லவர்களை அந்தச் சோதனைக்குள் தள்ளுவது நம் தப்பு.

---

தனிக்கட்டை:

எனக்கு 67, கல்யாணம் ஆகவில்லை, அக்கா தங்கை இல்லை. மகள் இருப்பவர்களே இவ்வளவு யோசிக்கிறீர்கள் என்று பார்க்கும்போது கொஞ்சம் கிலிதான்.

நான் செய்திருப்பது ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டில் ஒருவரோடு ஓர் ஏற்பாடு. காலை எட்டு மணிக்குள் நான் முன் ஜன்னல் திரையை விலக்கியிருக்க வேண்டும், விலக்காவிட்டால் அவர் மணி அடிப்பார், திறக்காவிட்டால் அவரிடம் இருக்கும் சாவியால் திறந்து வருவார். அவருக்கும் நான் அதையே செய்கிறேன். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை மணி அடித்தார், நான் தூங்கிவிட்டேன், திட்டு வாங்கினேன். விழுவதைவிட விழுந்து எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பதுதான் ஆளைச் சாய்க்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து இந்தப் பழக்கம். விழுந்தால் எப்படி எழுந்திருப்பது என்றும் பிசியோவிடம் கற்றுக்கொண்டேன். புரண்டு, முட்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து. 67 வயதில் தரையில் உருண்டு பழகியது நல்ல கூத்து.

---

சும்மா_ஒரு_ஆள்:

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

"கடைசி வரை வீட்டிலேயே" என்று எல்லோரும் சபதம் மாதிரி எடுத்துக்கொள்கிறீர்கள். என் அம்மா அப்படி ஒரு சத்தியத்தை அப்பாவிடம் செய்து கொடுத்தார். அப்பாவுக்கு மறதி நோய். மூன்றாவது வருடம் இரவில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார், அம்மா கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தார். 74 வயதில். ஒரு நாள் அப்பா அவரைத் தாண்டும்போது இருவரும் விழுந்தார்கள், இடுப்பு உடைந்தது அம்மாவுக்கு. அப்பா அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார், அம்மா ஏழு மாதம்தான்.

வீடு என்றால் சுவர் இல்லை, அங்கே இருக்கும் மனிதர்கள். அந்த மனிதர் உடைகிற அளவுக்கு வீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆகவே மேடம், உங்கள் திட்டத்தில் நிறுத்துகிற இடம் ஒன்றையும் எழுதி வையுங்கள். இரவில் தூங்க முடியாத நாள் இத்தனை வாரம் தொடர்ந்தால், இரண்டு பேர் சேர்ந்தால்தான் திருப்பிப் போட முடியும் என்றால், பார்த்துக்கொள்பவருக்கே ஆஸ்பத்திரி என்றால், வேறு இடம் பார்க்கலாம் என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டு மகளிடம் கொடுங்கள். பின்னால் அந்த முடிவை எடுக்க வேண்டிய நாளில் உங்கள் வீட்டுக்காரரோ மகளோ குற்றவாளி மாதிரி உணரக் கூடாது. இல்லங்களில் நான்கைந்தைக் கால் நன்றாக இருக்கும்போதே போய்ப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து வைத்துக்கொள்வதும் இதில் சேர்த்தி. போகாமலே இருக்கலாம்.

---

இரண்டாவது_மகன்:

சும்மா_ஒரு_ஆள், உங்கள் அம்மா கதை படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். இன்று நான் "இப்படி ஆனால் என்னை இல்லத்துக்கு அனுப்புங்கள்" என்று எழுதுகிறேன். பத்து வருடம் கழித்து, மறதி வந்த பிறகு, நான் கதவைப் பிடித்துக்கொண்டு "போக மாட்டேன்" என்று அழுகிறேன். பிள்ளைகள் எந்த என்னைக் கேட்பது?

---

ராத்திரி_டியூட்டி:

தம்பி, இதை நான் மூன்று வீடுகளில் நேரில் பார்த்திருக்கிறேன். என் அபிப்பிராயம், பெரிய முடிவுகளில் காகிதத்தைக் கேளுங்கள், சின்ன விஷயங்களில் எதிரே இருப்பவரைக் கேளுங்கள். எந்த இடம், என்ன சிகிச்சை, யார் கையெழுத்து என்பதெல்லாம் தெளிவாக இருந்தபோது எழுதியவர் சொன்னது. இன்று குளிக்கலாமா வேண்டாமா, எந்தச் சட்டை, விளக்கு எரியட்டுமா என்பதெல்லாம் இன்றைய மனிதர் சொல்வது. அழுகிற அன்றே இழுத்துக்கொண்டு போகாதீர்கள், அடுத்த வாரம் போகலாம். ஒத்துக்கொள்ளாதவர்களும் இருப்பார்கள்.

அதனால்தான் அந்தச் சின்ன விஷயங்களையும் எழுதி வையுங்கள் என்கிறேன், இதை யாருமே செய்வதில்லை. ஒரு பெரியவர் தினமும் மாலை ஆறு மணிக்கு அலறுவார். மருந்து மாற்றினார்கள், தூக்க மாத்திரை கொடுத்தார்கள். தூக்க மாத்திரை முதியவர்களை இன்னும் குழப்பும், விழவும் வைக்கும், அது வேறு கதை. கடைசியில் பார்த்தால், கொசு வரும் என்று ஆறு மணிக்கு ஜன்னலை மூடுவோம். மூடிய அறையில் அவருக்கு மூச்சு முட்டும் பயம், சின்ன வயதிலிருந்தே. அவர் தங்கச்சி பார்க்க வந்தபோது சொன்னார். ஜன்னலுக்கு வலை அடித்தோம், அன்றோடு அலறல் நின்றது. எட்டு மாதம் அந்த மனிதர் பட்ட பாடு ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இல்லை.

எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பீர்கள், தலைக்குக் குளிப்பது எந்தத் தண்ணீரில், முன்பின் தெரியாதவர் "வா, போ" என்றால் பொறுப்பீர்களா, உடை மாற்றும்போது ஆணா பெண்ணா, யார் பார்க்க வந்தால் பிடிக்கும், யார் வந்தால் கதவைச் சாத்த வேண்டும். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம்.

திடீரென்று ஒரே நாளில் குழப்பமாகப் பேசத் தொடங்கினால் அதை மறதி நோய் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், சிறுநீர்த் தொற்றோ, மாத்திரையோ, தண்ணீர் குறைவோ இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மறதி நோய் பெரும்பாலும் மெதுவாகத்தான் வரும். இதைத் தெரியாமல் ஆளையே எழுதித் தள்ளிய குடும்பங்கள் உண்டு.

---

மாடிப்படி61:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், இடையில் சில வேலைகள் நடந்தன.

ஆமாம், படுக்கையறை மாடியில்தான். கீழே தையல் மெஷின் இருக்கும் அறையை அளந்தேன், கட்டில் நன்றாக விழும், ஆனால் கதவு 72 சென்டிமீட்டர். தச்சர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றியாயிற்று. முதல் இரண்டு நாள் இருவரும் தள்ளித் தள்ளிப் பார்த்து, இழுக்க வேண்டும் என்று நினைவு வந்து சிரித்தோம்.

வீட்டுக்காரரிடம் இந்த முறை முதுமை, படுக்கை என்று எதையும் பேசவில்லை. மூன்று மீட்டருக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, "ஒரு போட்டி, வாருங்கள்" என்றேன். எனக்கு 11 நொடி. அவருக்கு 13. ஒத்துக்கொள்ளவே இல்லை, செருப்பு சரியில்லை என்றார், வெறுங்காலோடு மறுபடி நடந்தார், மறுபடி 13. அன்று முழுவதும் பேசவில்லை. மறுநாள் காலை நான் எழுந்து வரும்போது நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் டாக்டரிடம் இந்த 13-ஐச் சொல்லப் போகிறோம், சர்க்கரை மாத்திரையும் காலின் உணர்வும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மகளிடம் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதினேன், சும்மா_ஒரு_ஆள் சொன்ன நிறுத்துகிற இடத்தையும் சேர்த்து. அழுதாள்தான், ஆனால் இந்த முறை அழுது முடித்துவிட்டு "உன்னை அவர்கள் எப்படிக் கூப்பிட வேண்டும் அம்மா, அதை எழுதவில்லையே" என்று கேட்டாள்.

நேற்று இரவு இருவரும் ஆளுக்கொரு நோட்டில் எழுதினோம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். அவர் அரை மணி நேரம் எழுதினார். காலையில் என் நோட்டு மேசையில் திறந்து கிடந்ததா, நான் திறந்து வைத்தேனா என்று ஞாபகம் இல்லை, "யார் வந்தால் கதவைச் சாத்த வேண்டும்" என்ற இடத்தில் நான் எழுதியிருந்த பெயருக்குக் கீழே அவர் பென்சிலால் "எனக்கும்" என்று எழுதியிருந்தார்.

கணக்கு_நோட்டு ஐயா, வக்கீலிடம் போகும்போது இருவரும் சேர்ந்தே போகலாமா, தனித்தனியாகவா?

---

கணக்கு_நோட்டு:

சேர்ந்து போங்கள், ஆனால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தனியாகப் பேச வக்கீலே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வேறு வக்கீல் பாருங்கள்.